"சரிக்கா" என்று வாய் முந்திக்கொள்கிறது, என்ன செய்வது?

கேள்வி:
அக்கா போனில் "சனிக்கிழமை நீ..." என்று தொடங்கும்போதே "சரிக்கா" என்று சொல்லிவிடுகிறேன். என்ன வேலை என்பது அப்புறம்தான் தெரியும். பெரும்பாலும் அவள் பிள்ளைகள் இருவரையும் பார்த்துக்கொள்வது. இது நான்காவது வருடம். பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை. அதெல்லாம் இரவில் வீட்டுக்காரர் மேல் பாய்கிறது. பாவம், ரிமோட் எங்கே என்று கேட்டதுதான் அவர் செய்த குற்றம்.

போன மாதம் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "இந்த வாரம் முடியாதுக்கா, துணி மலைபோல் கிடக்கிறது" என்றேன். "இங்கே கொண்டு வா, என் மெஷினில் போடலாம்" என்றாள். போனேன், மூட்டையோடு. 37 வயதில் மறுக்கப் பழக முடியுமா?

பதில் 1:
மன்னிக்கவும், மூட்டையைப் படித்துச் சிரித்துவிட்டேன். நீங்கள் மறுக்கவே இல்லையே! துணிப் பிரச்சினையைச் சொன்னீர்கள், அக்கா தீர்த்து வைத்தார். காரணம் சொன்னால் பிடித்து இழுக்க ஒரு பிடி கிடைத்துவிடும். "இந்தச் சனிக்கிழமை என்னால் முடியாதுக்கா." அதோடு நிறுத்துங்கள். ஏன் என்று கேட்டால் அதே வாக்கியம், அதே குரல். 1970களிலேயே இந்த உத்திக்குக் கீறல் விழுந்த இசைத்தட்டு என்று பெயர். சொன்ன பிறகு வரும் நாலு நொடி மௌனம்தான் கொடுமை. நான் அப்போது தண்ணீர் குடிப்பேன். வாய் நிறையத் தண்ணீர் இருந்தால் "சரி" வராது.

பதில் 2:
அக்காவிடமே ஆரம்பிக்காதீர்கள். 1950களில் ஜோசப் வோல்பே என்ற மனநல மருத்துவர் பயங்களைப் படிக்கட்டாக அடுக்கி, கீழ்ப்படியிலிருந்து ஏறவைத்தார். என் கீழ்ப்படி, போனில் கிரெடிட் கார்டு விற்பவர்கள். அடுத்தது முடிவெட்டுபவர். மாமியார் உச்சிப்படியில் இருக்கிறார், நான் இன்னும் ஏறவில்லை.

இன்னொன்று. முதலில் மறுத்ததும் அக்கா கூடுதலாகத்தான் அழுத்துவார். லிஃப்ட் வராவிட்டால் பொத்தானை ஏழெட்டுத் தடவை அமுக்குவோமே, அப்படி. அந்த நேரத்தில் இறங்கிப்போனால், பலமாக அமுக்கினால் வரும் என்று நீங்களே கற்றுக்கொடுத்ததாகிவிடும்.

பதில் 3:
நான் அந்த அக்கா ரகம். என் தங்கை ஆறு வருடம் சிரித்த முகமாக வந்தாள், ஒருநாள் வெடித்தாள். அவள் மறுத்தது வலிக்கவில்லை. அத்தனை நாள் சிரிப்பும் பொய்யா என்பதுதான் வலித்தது. உங்கள் அக்காவுக்கு விஷயமே தெரியாமல் இருக்கலாம்.

கேட்டவர்:
பதில் 3 இரண்டு நாள் தூங்கவிடவில்லை. நேற்று அக்கா அழைத்ததும் வாயில் தண்ணீர். "இருக்கியா?" என்று மூன்று தடவை கேட்டாள். விழுங்கிவிட்டு, "முடியாதுக்கா" என்றேன். "என்னடி முடியாது? அம்மா பிறந்தநாளுக்கு என்ன வாங்கலாம் என்று கேட்கத்தானே கூப்பிட்டேன்!"

வெட்கமாகிவிட்டது. ஆனாலும் அதே மூச்சில், இனி மாதத்துக்கு இரண்டு சனிக்கிழமைதான் வருவேன் என்று சொல்லிவிட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் "சரி" என்றாள். மனதார சொன்னாளா, என்னைப்போல் சொன்னாளா, தெரியவில்லை.