6, 8 இரண்டுக்கும் பொது மடங்கு கேட்டால் மகள் 48 என்கிறாள், எங்கே சறுக்குகிறது?

உட்லண்ட்ஸ் அம்மா:
வணக்கம். மகள் இங்கே சிங்கப்பூரில் தொடக்கநிலை 4 படிக்கிறாள். இப்போது காரணி, மடங்கு பாடம். வாய்ப்பாடு தடுமாறாமல் சொல்வாள். பொது மடங்கு என்றால் மட்டும் இரண்டு எண்ணையும் பெருக்கி எழுதிவிடுகிறாள். 4, 5 என்றால் 20, சரி. 3, 7 என்றால் 21, அதுவும் சரி. "6, 8 இரண்டுக்கும் முதல் மூன்று பொது மடங்குகளை எழுது" என்பதற்கு 48, 96, 144 என்று எழுதி, தப்பு வாங்கி வந்திருக்கிறாள். "48 ரெண்டு வாய்ப்பாட்டிலும் வருதேம்மா, அப்புறம் எப்படித் தப்பு?" என்று கேட்கிறாள். 24 விட்டுப்போனதைக் காட்டிவிட்டேன். ஆனால் பெருக்கினால் சில நேரம் சரியாகவும் சில நேரம் தப்பாகவும் வருவது ஏன் என்று அவளுக்குப் புரிகிற மாதிரி சொல்லத் தெரியவில்லை.

ஈசூன் டியூஷன்:
அக்கா, பிள்ளை கேட்பது நியாயம். 48 பொது மடங்குதான் என்று முதலில் அவளிடம் சொல்லிவிடுங்கள். கேட்டது முதல் மூன்று என்பதால்தான் விடை 24, 48, 72.

பெரிய எண்ணின் வாய்ப்பாட்டை மட்டும் சொல்லச் சொல்லுங்கள். 8, ஆறால் மீதியில்லாமல் வகுபடுமா? படாது. 16? படாது. 24? படும். அங்கே நிறுத்தினால் போதும், மற்றதெல்லாம் 24இன் மடங்குகள்.

காரணம் இதுதான். 6 என்பது 2×3. 8 என்பது 2×2×2. எட்டுக்குள் ஏற்கெனவே ஒரு 2 இருப்பதால் ஆறுக்கு இன்னும் தேவைப்படுவது ஒரு 3 மட்டும். 8×3=24. நேராகப் பெருக்கும்போது இரண்டுக்கும் பொதுவான அந்த 2 இன்னொரு தரம் சேர்ந்து 48 ஆகிவிடுகிறது. 4, 5 இரண்டுக்கும் 1ஐத் தவிர பொதுக் காரணியே இல்லை. அங்கே கூடுதலாகச் சேர எதுவும் இல்லாததால் பெருக்கல் சரியாக வருகிறது.

எழுதிப் பார்க்க வேண்டுமென்றால் பேருந்து நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பேருந்து 6 நிமிடத்துக்கு ஒரு முறை, இன்னொன்று 8 நிமிடத்துக்கு ஒரு முறை, இரண்டும் காலை 7.00க்குச் சேர்ந்து கிளம்புகின்றன என்று வைத்துக்கொள்வோம். முதலாவது 7.06, 7.12, 7.18, 7.24. அடுத்தது 7.08, 7.16, 7.24. 7.24க்கு மறுபடி சேர்ந்து கிளம்புவதால் 7.00க்கு நடந்ததே திரும்ப நடக்கும். அடுத்த சந்திப்பும் 24 நிமிடம் கழித்துத்தான்.

தெம்பனிஸ் தாத்தா:
நல்ல விளக்கம் தம்பி. சீனர்களின் ஆண்டுக் கணக்கையும் பிள்ளைக்குக் காட்டலாம். ஆண்டுக்கு ஒன்றாக 12 விலங்குகள். கூடவே மரம், நெருப்பு, மண், உலோகம், நீர் என்ற ஐந்தும் ஆளுக்கு இரண்டு ஆண்டாக 10 ஆண்டில் ஒரு சுற்று வரும். பெருக்கினால் 120. ஆனால் 1966இல் வந்த நெருப்புக் குதிரை 2026இலேயே திரும்பி வந்தது, 60 ஆண்டில். 10, 12 இரண்டிலும் 2 இருப்பதுதான் காரணம். நம் பிரபவ முதல் அட்சய வரையிலான சுற்றும் 60தான்!

உட்லண்ட்ஸ் அம்மா:
ரொம்ப நன்றி. பேருந்துக் கணக்கு பிடித்துக்கொண்டாள். 4, 6க்குத் தானாகவே 12, 24, 36 சொன்னாள். ஆனால் 3, 6 கொடுத்தால் முதல் பொது மடங்கு 12 என்கிறாள்! மீச்சிறு பொது மடங்கு முறையை இப்போதே சொல்லித்தரலாமா?

ஈசூன் டியூஷன்:
6இன் மடங்குகளை 12இலிருந்து தொடங்குகிறாள் என்று நினைக்கிறேன். "6இன் முதல் மடங்கு எது?" என்று கேட்டுப் பாருங்கள். 6×1=6, அதனால் எந்த எண்ணும் தனக்கே மடங்கு. வரிசையை 6இலிருந்து எழுதினால் 3, 6க்கு முதல் பொது மடங்கு 6தான் என்பது அவளுக்கே தெரிந்துவிடும்.

அந்த முறை இப்போது வேண்டாம் அக்கா. 6ஐ 2×3 என்று உடைத்தது போல, எண்களைப் பகாக் காரணிகளாக உடைத்து மிகச் சிறிய பொது மடங்கைக் கண்டுபிடிப்பது உயர்நிலை 1இல் வரும். இந்த வயதில் ஓரிலக்க எண்களுக்கு வரிசை எழுதிப் பார்ப்பதுதான் பாடம். வரிசையை விட்டுவிட்டுச் சூத்திரத்துக்குத் தாவினால், இப்போது பெருக்கலை நம்புவது போல அதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்புவாள். 5, 8 அப்புறம் 6, 9 அப்புறம் 2, 8 கொடுங்கள். கணக்கைத் தொடங்கும் முன் "இதில் எதற்குப் பெருக்கல் சரியாக வரும்?" என்று கேளுங்கள். 5, 8 மட்டும் என்று காரணத்தோடு சொல்லிவிட்டால் அவளுக்குப் புரிந்துவிட்டது.