குதிரையேற்றச் சிமுலேட்டரில் பழகினால் ட்ராட்டில் உட்காரும் முறை சீராகுமா?

உச்சிப்புளியான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். உச்சிப்புளியை அடுத்த கடலோர ஊர் என்னுடையது. உறவினர் ஒருவர் வளர்க்கும் கத்தியவாரி இனப் பெண்குதிரையில் ஏறிப் பழகி வருகிறேன். நடக்கும்போது சிக்கல் இல்லை. வேகம் கூடியவுடன் என் உடல் முன்னே சாய்ந்து, கைகள் லகானைப் பிடித்துத் தொங்குவதால், குதிரை தலையை உதறிக்கொண்டு நின்றுவிடுகிறது. முறையாகச் சொல்லித்தருபவர் பக்கத்தில் எவரும் இல்லை. வெளியூர்ப் பயிற்சி நிலையம் ஒன்றில் மோட்டாரில் இயங்கும் சிமுலேட்டர் குதிரை இருப்பதாக அறிந்தேன். பயணச் செலவும் கட்டணமும் கொடுத்துச் சில வகுப்புகளுக்குச் சென்று வருவது பயன் தருமா?

சேணம் எழுதியது:

தரும், ஆனால் எதற்குத் தரும் என்பதை அறிந்து செல்லுங்கள். ட்ராட் என்பது நடையைவிட வேகமான ஓட்டம்; குறுக்குக் கால்கள், அதாவது ஒரு முன்னங்காலும் எதிர்ப்பக்கப் பின்னங்காலும், இணையிணையாக விழும் இரட்டைத் தாளம். அதைவிட வேகமான கேன்டர் ஓட்டம் மூன்று தாளம். இங்கிலாந்தின் ரேஸ்வுட் போன்ற நிறுவனங்களின் இயந்திரங்கள் இந்த அசைவுகளைத் தருவதோடு, சேணத்திலும் விலாவிலும் லகானிலும் உள்ள சென்சார்கள் வழியாக, உங்கள் எடை எப்பக்கம் சாய்கிறது, கை எவ்வளவு இழுக்கிறது என்பதைத் திரையில் காட்டிவிடுகின்றன. காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்கோட்டில் நிற்க வேண்டும் என்று ஆசிரியர் எத்தனை முறை சொன்னாலும் உடலுக்கு உறைக்காதது, திரையில் பார்த்தவுடன் உறைக்கும். ட்ராட்டின் நடுவில் இயந்திரத்தை நிறுத்தி, உங்கள் முழங்காலைத் திருப்பி வைத்துவிட்டு, மறுபடியும் அதே வேகத்தில் ஓடவிடலாம். தடுமாறுகிறவரை முதுகில் சுமந்து குதிரை வலியுறுவதும் இல்லை.

மோட்டாரே இல்லாத வகையும் உண்டு. அமெரிக்கப் பந்தயக் குதிரையோட்டி பிராங்க் லோவாட்டோ, காயம்பட்டிருந்த காலத்தில் தம் பயிற்சிக்காக உருவாக்கிய எக்விசைசர், ஏறியவரின் அசைவுக்கு ஏற்பவே ஆடும்.

கீழக்கரை காக்கா எழுதியது:

தம்பி, அந்த இயந்திரம் உங்கள் இடுப்பைத் திருத்தும் என்பதை மறுக்கவில்லை. குதிரையைப் பற்றி அது ஒன்றும் சொல்லித்தராது. கரையில் காயப்போட்ட வலை காற்றில் படபடத்ததும் குதிரை பக்கவாட்டில் பாயும். சீமைக் கருவேலப் புதரிலிருந்து ஆடு எழுந்தால் திடுக்கிட்டு நிற்கும். காதை எப்பக்கம் திருப்புகிறது, மூச்சை எப்போது அடக்குகிறது என்பதைக் கண்டு முன்கூட்டியே உடலைத் தளர்த்திக்கொள்வதுதான் பாதி வித்தை. பாண்டியர் காலத்தில் கடல் கடந்து வந்திறங்கிய குதிரைகளுள் பல, பேணத் தெரியாதவர் கையில் மாண்டன என்று மார்கோ போலோ எழுதியிருக்கிறார். ஏறுவதற்கு முன் பேணத் தெரிய வேண்டும் என்பதே என் கட்சி.

வியன்னாவின் ஸ்பானிஷ் குதிரையேற்றப் பள்ளியில் புதிதாகச் சேர்கிறவர்கள், ஆசிரியர் நீளக் கயிற்றில் பிடித்து வட்டமாக ஓட்டும் குதிரையின் மேல், அங்கவடியும் (கால் வைக்கும் வளையம்) லகானும் இல்லாமல் நெடுங்காலம் அமர்ந்து பழகுகிறார்கள். குதிரையைக் கயிற்றில் ஓட்டத் தெரிந்தவர் உங்கள் உறவினராக இருந்தால், அதை முதலில் செய்யுங்கள். கையில் லகான் இல்லாவிட்டால் தொங்குவதற்கும் வழியில்லை.

கால்நடை மருத்துவர் எழுதியது:

குதிரை கத்தியவாரி என்பதை எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. கத்தியவாரி, மார்வாரி இனங்களில் பல குதிரைகளுக்கு, ஒரே பக்கத்துக் கால்கள் ஏறக்குறைய ஒன்றாகப் போகும் ரெவால் என்ற ஓட்டம் இயல்பாகவே வரும். அதில் ட்ராட்டைப் போல முதுகு தூக்கிப்போடாது; ட்ராட்டின் தாளத்துக்கு ஏற்பச் சேணத்திலிருந்து எழுந்து அமரும் முறைக்கு வேலையே இல்லை. இல்லாத தாளத்துக்கு எழ முயன்றால் நிலை குலைந்து கை லகானுக்குப் போவது இயற்கை. இறுகிய தரையில் குதிரையை ஓடவிட்டு, பக்கவாட்டிலிருந்து கைபேசியில் மெதுவோட்டப் படம் எடுத்து, குறுக்குக் கால்கள் ஒன்றாக விழுகின்றனவா என்று பாருங்கள். உலர்ந்த மணலில் எடுக்க வேண்டாம். கால் புதைவதால் ஓட்டமும் மாறும், தசைநாணும் பழுதாகும். அலையோரத்து ஈரமணல் ஓரளவு தாங்கும்.

தலையை உதறுவதற்கு நீங்கள்தான் காரணம் என்று முடிவு கட்டுவதற்கு முன், கடைவாய்ப் பற்களையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓரம் கூராகிவிட்டால் கன்னத்தின் உட்புறம் கிழிந்து, லகான் சற்று இறுகினாலும் குதிரைக்கு வலிக்கும்.

உச்சிப்புளியான் எழுதியது:

படம் எடுத்துப் பார்த்தேன். கிளம்பும்போது ஒரே பக்கத்துக் கால்கள் ஏறக்குறைய ஒன்றாகப் போகின்றன. விரட்டினால் குறுக்குக் கால்களுக்கு மாறுகிறது. காக்கா சொன்ன கயிற்றுப் பயிற்சிக்கு உறவினர் இசைந்துவிட்டார். பல் பரிசோதனைக்கும் சொல்லியிருக்கிறேன். இந்நிலையில் சிமுலேட்டருக்குச் செல்வதா, வேண்டாமா?

சேணம் எழுதியது:

கயிற்றில் லகான் இல்லாமல் நிமிர்ந்து அமர வந்த பிறகு செல்லுங்கள். அதுவரை பணத்தைச் செலவிட வேண்டாம். மருத்துவர் சொன்ன ரெவாலை நான் எண்ணிப் பார்க்கவில்லை. உங்கள் குதிரை விரட்டினால் மாறும் இரண்டாவது ஓட்டத்துக்கு மட்டுமே அங்கே கற்கும் ட்ராட் உதவும். பதிவு செய்யும் முன், லகானிலும் சென்சார் இருக்கிறதா, வகுப்பு முழுவதும் ஆசிரியர் அருகில் நிற்பாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் உங்கள் குறை அங்கே தீராது.