தெருவுக்கே படம் கொடுத்த வீடு

செல்லூர்க்காரன்:
இங்கே கேபிள் டிவி காலத்தைப் பற்றி, வீட்டில் உட்கார்ந்து படம் பார்த்தவர்களே எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். கம்பத்தில் ஏறியவன் நான். 1994 முதல் மதுரை செல்லூரில் கேபிள் லைன்மேன்.

அதற்கு முன் இங்கே டிவி என்றால் கொடைக்கானல் டவர்தான். ஆன்டெனாவை உயரத் தூக்கிக் கட்டியவர்களுக்கு இலங்கையின் ரூபவாஹினியும் புள்ளி புள்ளியாகத் தெரியும். 1991இல் ஆங்கிலத்தில் ஸ்டார் டிவி வந்தது. தறிக்காரர் வீட்டில் அதற்கு என்ன வேலை? 1993 தமிழ்ப் புத்தாண்டில் சன் டிவி தொடங்கிய பிறகுதான் எங்கள் கேபிள் முதலாளியின் வசூல் நோட்டு தடித்தது.

டிஷ்ஷிலிருந்து கிளம்பும் சிக்னல் கேபிளில் போகப் போக வலுவிழக்கும். அதனால் இடையிடையே ஆம்ப்ளிஃபயர் வைப்போம். அதற்குக் கரண்ட்? தெருவில் ஒரு வீட்டில் கேட்டு வாங்குவோம். பதிலுக்கு அந்த வீட்டுக்கு மட்டும் சந்தா கிடையாது.

ஒரு சித்திரைத் திருவிழா. அழகர் ஆற்றில் இறங்குவதை உள்ளூர்ச் சேனலில் நேரடியாகக் காட்டுகிறோம். விடியற்காலையில் தெரு முழுக்கப் படம் போய்விட்டது. ஓடிப்போய்ப் பார்த்தால், கரண்ட் கொடுத்த வீட்டில் பூட்டு. அந்த வீட்டுப் பெரியம்மா அழகரை நேரில் பார்க்கக் குடும்பத்தோடு கிளம்பியிருக்கிறார். பொறுப்பாக மெயினையும் அணைத்திருக்கிறார். எதிர்வீட்டு ஜன்னல் வழியாக நான் வயர் இழுக்க, கீழே நின்று நாற்பது வீடும் திட்டியது. படம் வந்தபோது அழகர் ஆற்றை விட்டு ராமராயர் மண்டபத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்.

பெரியம்மா திரும்பி வந்து கேட்டார்: "நம் டிவியில் நன்றாகத் தெரிந்ததா, தம்பி?"

எதிர்வீட்டுக்கும் அன்றிலிருந்து சந்தா இல்லை. முதலாளி என் மேல்தான் பாய்ந்தார்.

ஆனையூர் அக்கா:
சிரித்துவிட்டேன், அண்ணே. அப்போது நான் காசு கொடுத்து வெளியூருக்குப் போன் பேசும் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தேன். எங்கள் கேபிள்காரர் புதிதாகச் செல்போன் வாங்கியிருந்தார். வருகிற அழைப்புக்கும் காசு பிடித்த காலம். 2003இல்தான் அது ஒழிந்தது. படம் தெரியவில்லை என்று கூப்பிட்டால் எடுக்கவே மாட்டார். கடைசியில் ஓர் ஏற்பாடு: ஒரு மணி அடித்து வைத்தால் எங்கள் தெரு, இரண்டு மணி அடித்தால் பின்தெரு. மீட்டர் ஓடாது, எனக்கு ஒரு பைசா கிடைக்காது. இருந்தாலும் என் வீட்டிலும் படம் தெரிய வேண்டுமே! பிறகு பூத்தில் ஆள் குறைந்தது. அதே மேசையில் ரீசார்ஜ் கூப்பன் விற்றேன். பூத்தைவிட அதில் நாலு காசு பார்த்தேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

அண்ணன் இன்னும் லைனில்தான் இருக்கிறீர்களா?

செல்லூர்க்காரன்:
வேறு என்ன தெரியும் எனக்கு? 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு கலர் டிவி கொடுத்தபோது, டிவியே இல்லாத வீடுகளும் இணைப்புக் கேட்டன. அப்போது சாப்பிட நேரமில்லை. 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய் என்று வந்ததும் முதலாளி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத் தொழிலையே கைமாற்றிவிட்டார். வாங்கியவரிடம் இப்போது இன்டர்நெட்டுக்கு ஃபைபர் இழுக்கிறேன். கேபிளைப் போல இதை மடக்க முடியாது. மடக்கினால் உள்ளே கண்ணாடி இழை உடையும்.

தெருவுக்கான நெட் பெட்டிக்குக் கரண்ட் வேண்டுமே? பெரியம்மாவின் மகன் வீட்டில்தான் வாங்கியிருக்கிறோம். அவரும் வெளியூர் கிளம்பினால் மெயினை அணைத்துவிட்டுத்தான் போகிறார்.