மறு: கிளாட்னி உருவங்களுக்குத் தமிழ்ச்சொல்

அன்புடையீர்,

எட்டாம் வகுப்புக்கான செய்முறைத் தாள் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. கிண்ணத்தின் வாயில் வெட்டிய பலூனை இழுத்து ரப்பர் பேண்டு போட்டு, மேலே தூள் உப்பைத் தூவி, மூச்சு படாமல் பக்கத்திலிருந்து 'ஊ' என்று குரல் கொடுக்க வேண்டும். சுருதியை ஏற்ற ஏற்ற உப்பு துள்ளி ஓடிக் கோடும் வளையமுமாக நிற்கும். கிளாட்னி உருவம் எனப்படும் அதற்குத்தான் குழுவில் தமிழ்ப்பெயர் கேட்டிருந்தேன். வந்த பதில்களை மேற்கோளாக வைத்து மறுமொழி தருகிறேன்.

> 'அதிர்கோலம்' போதும். சுருக்கம், தூய தமிழ்.

சுருக்கம்தான் ஐயா. ஆனால் வினைத்தொகையாக விரித்தால் 'அதிர்கின்ற கோலம்' என்றாகிறது. உப்பு நிற்பதோ அதிராத இடத்தில். 1787இல் வெளிவந்த நூலில் ஜெர்மன் இயற்பியலாளர் கிளாட்னி காட்டியதே அதுதான்: தகட்டின் ஓரத்தில் வயலின் வில்லை இழுத்ததும், ஆடும் இடத்து மணல் விலகி ஆடாத கணுக்களில் சேர்ந்தது. பெயரே தலைகீழாகச் சொன்னால் பிள்ளை எதை நம்பும்?

'ஒலிகோலம்' என்று எழுதுவோரும் கவனிக்க வேண்டும். ஒற்று மிகாவிட்டால் அதுவும் வினைத்தொகைதான். கோலமே ஒலிக்கிறது என்றாகிவிடும். ஒலியால் ஆன கோலம் என்ற பொருளில் 'ஒலிக்கோலம்' என்பதே சரி.

> கோலம் என்றால் மார்கழி வாசல்தான் நினைவுக்கு வரும்.

மணக்கோலம், தவக்கோலம் என்கிறோமே. தோற்றம் என்ற பொருள் புதிதல்ல. அம்மையார் ஒருவர் 'கோலுதல்' என்றால் வளைத்தல் என்று வேர் காட்டியது எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் கிளாட்னி உருவங்களில் நேர்கோடுகளும் உண்டு. அந்த வேரை இங்கே ஆதாரமாக்க முடியாது.

என் வாக்கு 'கணுக்கோலம்'. கணு பாடநூலிலும் இருக்கிறது, கரும்பிலும் இருக்கிறது, பிள்ளைகளுக்குப் புரியும்.

> முகப்பவுடரைத் தூவிப் பாருங்கள். கணுவில் சேராது.

உண்மை. ஆங்கில அறிவியலாளர் ஃபாரடே 1831இல் விளக்கியதுபோல, தகட்டை ஒட்டி எழும் காற்றோட்டம் நுண்பொடியை அதிகம் ஆடும் இடத்துக்கே கொண்டுபோகிறது. அதனால்தான் தாளில் உப்பு, ரவை மட்டும் சொல்லியிருக்கிறேன். 1934இல் சி.வி. ராமன் மிருதங்கம் பற்றி எழுதிய ஆய்விலும், தோலில் தூவிய மணல் காட்டியது கணுக்கோடுகளைத்தான்.

சரி, குழுவில் பெரும்பான்மை ஒலிக்கோலத்தின் பக்கம். தாளில் அதுவே போகட்டும். சொற்பட்டியலில் மட்டும் கணுக்கோலத்தையும் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். பவுடர் உருவத்துக்குத் தனிச்சொல் இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.