புது நாட்டில் கர்ப்பம்: எந்த வாரத்தில் எதைத் தவறவிடக் கூடாது

விசா, வீடு, இன்சூரன்ஸ் எல்லாம் முடியட்டும், அப்புறம் டாக்டரைப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுவதில்தான் புதிதாக வந்தவர்கள் பலர் சறுக்குகிறார்கள். சில பரிசோதனைகளுக்கு வாரக்கணக்கு உண்டு. தாண்டினால் திரும்ப வராது. கிட்டில் இரண்டு கோடு வந்ததுமே பதிவு செய்துவிடுங்கள். வாரத்தைக் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து எண்ண வேண்டும். 'மூணாம் மாசம்' என்றால் குழப்பம்தான் மிஞ்சும்; '11 வாரம் 2 நாள்' என்று சொல்லப் பழகுங்கள்.

ஃபோலிக் ஆசிட் தினமும் 400 மைக்ரோகிராம். கருத்தரிக்கும் முன்பே தொடங்கி 12 வாரம் வரை. குழந்தையின் நரம்புக்குழாய் (பின்னால் மூளையும் தண்டுவடமும் ஆகும் பகுதி) 6ஆம் வார வாக்கிலேயே மூடிவிடுவதால், முதல் அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் மருந்துக் கடையில் இன்றே வாங்கலாம். சர்க்கரை நோய் இருந்தாலோ, வலிப்புக்கு மருந்து எடுத்தாலோ இதைப்போல பத்து மடங்குக்கு மேல் தேவைப்படலாம்; அந்த அளவை டாக்டர்தான் எழுதித் தர வேண்டும். வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

டவுன் சிண்ட்ரோம் போன்றவற்றின் வாய்ப்பைக் கணிக்க, குழந்தையின் பிடரி நீர் அளக்கும் ஸ்கேன் (NT ஸ்கேன்) 11 வாரத்திலிருந்து 13 வாரம் 6 நாள் வரை மட்டுமே. பிரசவத் தேதியைச் சரியாகக் கணிப்பதும் இந்தக் கட்டத்தில்தான். உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேன் 18 முதல் 22 வாரத்துக்குள். அப்பாயின்ட்மென்ட் கடிதம் பழைய முகவரிக்குப் போய்விடுவது சகஜம், ஆகவே வீடு மாறினால் முதலில் ஆஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள்.

24–28 வாரத்தில் சர்க்கரைப் பரிசோதனை. தெற்காசியர்களுக்குக் கர்ப்பகாலச் சர்க்கரை வரும் வாய்ப்பு அதிகம். சில நாடுகளில் ஆபத்துக் காரணி உள்ளவர்களுக்கு மட்டுமே செய்கிறார்கள், அதனால் கேட்டு வாங்குங்கள். பல இடங்களில் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைசல் கொடுத்து, 2 மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். நடுவே உலாவப் போகாதீர்கள், நடந்தால் அளவு இறங்கும். வாந்தி எடுத்துவிட்டால் உடனே சொல்லுங்கள், இன்னொரு நாள் செய்ய வேண்டியிருக்கும்.

ரத்தவகை நெகட்டிவ் என்றால் முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடல் எதிர்ப்பொருள் உருவாக்காமல் தடுக்க, 28 வார வாக்கில் ஆன்டி-டி ஊசி போடுவார்கள். இடையில் ரத்தப்போக்கு வந்தால், ஊசி தேவையா என்று அன்றே கேளுங்கள். தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

கேள்வி: டாக்டரே பார்ப்பதில்லை, மிட்வைஃப்தான் (பிரசவம் பார்க்கப் பயிற்சி பெற்றவர்) வருகிறார். சரியா?

சரிதான். சிக்கலில்லாத கர்ப்பத்தை மிட்வைஃப் கவனிப்பது பல நாடுகளில் நடைமுறை. ஸ்கேன் குறைவாக இருப்பதை அலட்சியம் என்று எண்ண வேண்டாம். ஆனால் முந்தைய சிசேரியன், ரத்த அழுத்தம், தைராய்டு, இரட்டைக் கரு எதையும் மறைக்காதீர்கள், அவற்றை வைத்துத்தான் டாக்டரிடம் அனுப்புவார்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையோடு கொண்டு போங்கள். மாத்திரைக்கு பிராண்ட் பெயர் சொன்னால் புரியாது. உள்ளிருக்கும் மருந்தின் பெயரும் மில்லிகிராமும் எழுதி வையுங்கள். மொழிபெயர்ப்பாளர் கேட்கத் தயங்க வேண்டாம். கணவர் மொழிபெயர்த்தால் சில கேள்விகளை உங்களிடம் கேட்கவே முடியாது.

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரை எடுத்தும் ஹீமோகுளோபின் ஏறவில்லை.

எதோடு எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எல்லாமே இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். அப்படியும் ஏறாவிட்டால் தலசீமியா (பரம்பரை ரத்தக் கோளாறு) கேரியரா, அதாவது நோயில்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமப்பவரா என்று பரிசோதியுங்கள். நீங்கள் கேரியர் என்றால் கணவருக்கும் உடனே பரிசோதனை வேண்டும், இருவருக்கும் இருந்தால் குழந்தைக்குக் கடுமையான தலசீமியா வர 25% வாய்ப்பு.

கேள்வி: எதற்கெல்லாம் ராத்திரியானாலும் போன் செய்யலாம்?

ரத்தப்போக்கு, நீர் கசிவு, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி, முகத்தில் திடீர் வீக்கம். தடிப்பே இல்லாமல் உள்ளங்கையும் உள்ளங்காலும் அரித்தால் கல்லீரல் சிக்கலாக இருக்கலாம், சாதாரண அரிப்பென்று விடாதீர்கள். குழந்தையின் அசைவு வழக்கத்தைவிடக் குறைந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். பிரசவ வார்டின் 24 மணி நேர எண்ணை இருவர் போனிலும் இன்றே பதிந்து வையுங்கள்.