காரோ ஜீப்போ? கிறவல் ரோட்டுக்கு எது சரிவரும்

முரசுமோட்டையான்:
வணக்கம் அண்ணைமார். பாவிச்ச வாகனம் ஒண்டு எடுக்கப் போறன். ஒரே காசுக்கு ரெண்டு வந்திருக்கு, 2014 டொயோட்டா அக்ஸியோ ஹைபிரிட் கார் (பெற்றோலோட பற்றரியிலயும் ஓடுறது) ஒண்டு, அதே வருச ஹொண்டா வெசல், ஊரில ஜீப் எண்டு சொல்லுற உயரமான சாதி, ஒண்டு. பரந்தன் முல்லைத்தீவு ரோட்டு காப்பெற் தான், பிரச்சினை இல்லை, ஆனா அதில இருந்து எங்கட வீட்டுக்கு வாய்க்கால் கட்டோட 3 கிலோமீட்டர் கிறவல், மாரியில எப்பிடி இருக்கும் எண்டு சொல்லத் தேவையில்லை. மாசம் ஒருக்கா அம்மாவை யாழ்ப்பாணம் கிளினிக்குக்கு கொண்டு போகோணும், அவவுக்கு முழங்கால் வருத்தம். ஊரில எல்லாரும் ஜீப்பை எடு ஜீப்பை எடு எண்டு தான் சொல்லுறாங்கள். கார் வச்சிருக்கிற ஆக்கள் கொஞ்சம் சொல்லுங்கோ.

மாங்குளத்தான்:
தம்பி நான் அஞ்சு வருசமா கார் தான் ஓடுறன். ஏ9 கண்டி ரோட்டில காரை மாதிரி வராது, உயரம் குறைவா இருக்கிறதால வளைவில ஆடாது, காத்தும் பிடிக்காது, பெற்றோலும் மிச்சம். இரவில மாடு குறுக்க வந்து பிரேக் அடிச்சாலும் கார் நேரா நிக்கும், உயரமானது கொஞ்சம் அலைக்கழிக்கும். வருசத்தில ரெண்டு மாச மழைக்காக பத்து மாசம் ஏன் உயரமா ஓடுறாய்? மழைக்கு மோட்டச்சைக்கிள் இருக்குத்தானே.

வட்டக்கச்சிப் பெடியன்:
மாங்குளம் அண்ணை உங்கட வீடு ரோட்டுக்கரையில, அதான் கதைக்கிறியள் 😄 மோட்டச்சைக்கிள்ல முழங்கால் ஏலாத அம்மாவை எப்பிடி ஏத்துறது? 2018 மார்கழி வெள்ளத்தில இஞ்ச பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு வெசலை எடு தம்பி.

கராஜ்காரன்:
கண்ணை மூடிக்கொண்டு ஒண்டும் எடுக்கக் கூடாது. முதல்ல ஒண்டை விளங்கிக் கொள்ளுங்கோ, இப்ப ஆக்கள் ஜீப் எண்டு சொல்லுற வெசல், டொயோட்டா ரைஸ் எல்லாம் காரின்ர அடியில உயரமான பொடி போட்டது தான். இஞ்ச ஓடுறதில கனக்க முன் ரெண்டு சில்லு மட்டும் இழுக்கிறது. களிமண்ணில புதைஞ்சா ரெண்டுக்கும் ட்ராக்டர் தான் வரோணும்.

வித்தியாசம் நிலத்துக்கும் வாகனத்தின்ர அடிக்கும் இடையில உள்ள உயரத்தில தான். இந்தச் சாதிக் கார் ஏறக்குறைய 140 - 160 மில்லிமீட்டர், வெசலும் ரைஸும் 185 மட்டில. சின்ன வித்தியாசம் மாதிரித் தெரியும், ஆனா அது வெறும் வாகனத்தில அளந்த கணக்கு, பின்னுக்கு மூண்டு பேரும் டிக்கியில ரெண்டு நெல்லு மூட்டையும் ஏத்தினா கார் இன்னும் கீழ போகும், ட்ராக்டர் ஓடி நடுவில மேடு விட்ட ரோட்டில அடி உரசும். அப்பிடி உரசி, என்ஜினுக்கு அடியில ஒயில் நிக்கிற சம்ப் வெடிச்சு வந்த கார் எத்தினை பாத்திட்டன்.

வெசல் எண்டாலும் கியரைப் பாத்து எடுங்கோ. 2013, 14ல வந்த முதல் தொகுதி ஹைபிரிட் வெசலை டிசிடி (ரெண்டு கிளச் உள்ள ஓட்டோ கியர்) பிரச்சினைக்கு ஜப்பானிலயே கொம்பனி திருத்தித் தர எண்டு திருப்பித் திருப்பி ரீகோல் பண்ணினவங்கள். மெதுவா முன்னுக்கு விட்டு, ரிவேர்ஸ் போட்டு, ஏத்தத்தில நிப்பாட்டி எடுத்துப் பாருங்கோ, உதறினா எடுக்காம விடுங்கோ.

அக்ஸியோவில பின் சீற்றடியில ஹைபிரிட் பற்றரிக்கு காத்துப் போற ஓட்டை ஒண்டிருக்கு. கிறவல் தூசி அதில அடைச்சா பற்றரி சூடேறி ஆயுள் குறைஞ்சிடும். உரப்பை அதுக்கு முன்னால வச்சு மூடாதேங்கோ, அதில அடையிற தூசியை அடிக்கடி துப்புரவாக்குங்கோ. உவ்வளவும் பாக்க யாருக்கும் நேரமில்லை, பிறகு என்னட்டை வந்து அழுறது.

இன்னொண்டு, ஜீப் எண்டு நினைச்சு மதகுக்கு மேலால ஓடுற தண்ணிக்க விடாதேங்கோ. என்ஜினுக்க தண்ணி இழுத்தா 185ம் ஒண்டு தான் 140ம் ஒண்டு தான்.

மாங்குளத்தான்:
கராஜ் அண்ணை சொல்லுறது சரி தான். நான் கிறவலைப் பெரிசா யோசிக்கேல்ல, எங்கட ஒழுங்கை எப்பவோ தார் போட்டாச்சு. அம்மாவை ரெண்டிலயும் ஏத்தி இறக்கிப் பார் தம்பி.

முரசுமோட்டையான்:
எல்லாருக்கும் நன்றி. நேற்று அம்மாவோட போய்ப் பாத்தன். கார்ல இருந்திட்டா, ஆனா எழும்ப ஏலாம ரெண்டு கையிலயும் பிடிச்சுத் தூக்க வேண்டிப் போச்சு. வெசல் சீற்று அவவின்ர இடுப்புக்கு சரியா வந்தது, திரும்பி இருந்தா, காலை எடுத்து வச்சா, அவ்வளவு தான். சித்தப்பான்ர பெரிய ஜீப்பில ஸ்டூல் வச்சுத் தான் ஏறுறவ, அதால நான் உதிலயும் கஷ்டப்படுவா எண்டு தான் நினைச்சன்.

கியர் உதறேல்ல, ஆனாலும் தெரிஞ்ச மெக்கானிக் ஒராளைக் கூட்டிக்கொண்டு நாளைக்குத் திரும்பப் போறன். கார்க்காரரிட்டை எங்கட ரோட்டால ஒருக்கா ஓடிப் பாக்கட்டோ எண்டு கேட்டன். மனுசன் ஒரு நிமிசம் யோசிச்சிட்டு, தம்பி, அடி உரசும், வேண்டாம் எண்டிட்டார்.

கராஜ்காரன்:
😂 நல்ல மனுசன். அவருக்கு ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடும்.