கேமரா மாட்டினால் டெலஸ்கோப் பின்பக்கம் சாய்கிறது, என்ன செய்வது?

மஞ்சக்குப்பம் மாடி:
வணக்கம். கடலூரில் வீட்டு மொட்டை மாடியிலிருந்து வானம் பார்க்கிறவன். 80 மி.மீ. ரிஃப்ராக்டர் (லென்ஸ் டெலஸ்கோப்), ஃபோகல் லெங்த் 560 மி.மீ., வானம் சுழல்வதோடு திரும்புகிற சின்ன ஈக்வடோரியல் மவுண்ட் (தாங்கி). ஐபீஸ் போட்டுப் பார்த்த வரைக்கும் ஒரு தொல்லையும் இல்லை. பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமரா ஒன்றையும் அதன் முன்னால் ஃபிளாட்னரையும் (படத்தின் ஓரத்தைச் சீராக்கும் லென்ஸ்) மாட்டினேன், அன்றிலிருந்து வாலில் கல்லைக் கட்டிவிட்ட மாதிரி பின்பக்கம் இறங்குகிறது. டியூபை முன்னால் எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவும் தள்ளிவிட்டேன், டியூபுக்கு அடியில் இருக்கிற டவ்டெயில் பட்டை 20 செ.மீ.தான், அதன் கடைசி முனை சாடிலுக்குள் (பட்டையைப் பிடிக்கிற மவுண்டின் கவ்வி) வந்தாயிற்று, இன்னும் ஒரு 5 செ.மீ. தேவைப்படுகிறது. போன வாரம் ஓரியன் நெபுலா எடுக்கலாம் என்று டெக் கிளட்சை (டியூபை வடக்கு-தெற்காகத் திருப்பும் அச்சின் பூட்டு) தளர்த்தினேன், கையை எடுத்த நொடியில் வால் கீழே போய் கேமரா ட்ரைபாட் காலில் இடித்தது. நல்லவேளை, லேசான கீறலோடு போயிற்று. 60 நொடி எடுத்தால் நட்சத்திரம் எல்லாம் கோடு கோடாக வருகிறது. முன்னால் ஏதாவது கனம் கட்டிவிடலாமா?

லாஸ்பேட்டை வானம்:
தம்பி, கனம் கட்டுவதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் உங்கள் டியூபின் நடுப்புள்ளி எங்கே என்று தெரிய வேண்டும், அதற்கு வீட்டில் இருக்கிற பூரிக்கட்டை போதும். கட்டிலில் ஒரு பலகை, பலகை மேல் பூரிக்கட்டை, அதன் மேல் டியூப். கேமரா, ஃபிளாட்னர், ஃபைண்டர் (குறி பார்க்கும் குட்டி டெலஸ்கோப்), கேபிள் எல்லாம் மாட்டியிருக்க வேண்டும், லென்ஸ் மூடி மட்டும் கழற்றியிருக்க வேண்டும், ஃபோகஸரும் (கேமராவை முன்னும் பின்னும் நகர்த்தும் குழாய்) படம் எடுக்கும்போது எவ்வளவு வெளியே நிற்குமோ அந்த அளவிலேயே நிற்க வேண்டும். இதில்தான் பலரும் கோட்டை விடுகிறார்கள், ஃபோகஸரை உள்ளே தள்ளி வைத்து பாலன்ஸ் பார்த்துவிட்டு, அப்புறம் ஃபோகஸ் செய்ய 6 செ.மீ. வெளியே இழுத்தால் கேமராவும் அதோடு பின்னால் போகிறது, பாலன்ஸ் எப்படி நிற்கும்? பக்கத்தில் இன்னொருவர் பிடித்துக்கொள்ளட்டும். இரண்டு பக்கமும் சாயாமல் நிற்கிற இடத்தில் இன்சுலேஷன் டேப் ஒட்டுங்கள். அந்த டேப் சாடிலின் நடுவுக்கு நேராக வர வேண்டும், விஷயம் அவ்வளவுதான்.

அதற்கு நீளமான பட்டை வேண்டும், 35 செ.மீ. இருந்தால் தாராளம். நீட்டல் கேமராவுக்கு அடியில், பின்பக்கமாக வர வேண்டும். நான் முதல் தடவை முன்பக்கம் நீட்டி மாட்டிவிட்டு ஒரு ராத்திரி முழுக்க மண்டையைச் சொறிந்துகொண்டிருந்தேன். கேமராவைச் சுழற்றினால் பட்டையில் இடிக்காத அளவுக்கு, டியூபைப் பிடிக்கிற ரிங்கின் உயரம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

முதுநகர் துறைமுகம்:
பட்டை வரும் வரைக்கும் சும்மா உட்கார வேண்டுமா என்ன? எங்கள் பக்கம் வலைக்குக் கட்டுகிற ஈயக்குண்டு கிலோ கணக்கில் கிடைக்கும். மொத்தச் சுமை 5 கிலோ, குறைவது 5 செ.மீ. என்றால் 25 கிலோ-செ.மீ. சாடிலிலிருந்து 40 செ.மீ. முன்னால் கட்டினால் 625 கிராம் போதும். அதையே 10 செ.மீ.யில் கட்டினால் இரண்டரை கிலோ வேண்டும், அதனால் எவ்வளவு முன்னால் முடியுமோ அவ்வளவு முன்னால். துணிப்பையில் போட்டு வெல்க்ரோ பட்டையால் டியூபோடு இறுக்குங்கள், லென்ஸில் பனி படியாமல் இருக்க முன்னால் மாட்டும் பனிக்குழாயில் கட்டாதீர்கள், அது வழுக்கி இறங்கிவிடும். ஈயத்தைத் தொட்டால் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள்.

லாஸ்பேட்டை வானம்:
கணக்கு சரிதான் அண்ணே. ஆனால் முன்னால் 625 கிராம் ஏற்றினால் ஆர்.ஏ.வில் (டியூபைக் கிழக்கு-மேற்காகத் திருப்பும் அச்சு) கவுண்டர்வெயிட்டையும் (எதிர் எடை) கீழே இறக்க வேண்டும் அல்லது கூட்ட வேண்டும். நாம் இருப்பது 12 டிகிரி அட்சரேகையில், துருவ நட்சத்திரமே 12 டிகிரி உயரத்தில்தான் தெரிகிறது. ஆர்.ஏ. அச்சு கிட்டத்தட்ட படுத்துக் கிடக்கிறது, வெயிட் கம்பி நேராகக் கீழே தொங்கி வடக்குக் காலை முட்டுகிறது. வெயிட் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு தொல்லை. காவலூர் வானாய்வகத்தில் பெரிய டெலஸ்கோப்பைக் குதிரைலாட மவுண்டில் வைத்திருக்கிறார்கள், தாழ்ந்த அட்சரேகைக்கு அது பொருத்தம். நம்மிடம் ட்ரைபாட்தான். ஒரு கால் தெற்கே, இரண்டு கால் வடக்கே பிரிந்து நிற்கிற மாதிரி திருப்பினால் கம்பிக்கு இடம் கிடைக்கும். அப்படி வைத்தால் வடக்குப் பக்கம் கவிழும் பயம் கொஞ்சம் கூடும், கால்களை நன்றாக விரித்து வையுங்கள்.

வெள்ளி கடற்கரை:
இன்னொன்று. டியூபைப் படுக்கையாக வைத்துப் பார்த்தால் மட்டும் போதாது. சரியாக நிற்கிறதே என்று விட்டுவிட்டு நேர் மேலே திருப்பினால் சில டியூப் மறுபடி சாயும், ஃபைண்டரோ, நட்சத்திரத்தைப் பின்தொடர உதவும் கைட் ஸ்கோப்போ ஒரே பக்கம் உட்கார்ந்திருப்பதுதான் காரணம். டியூபை ரிங்குக்குள்ளேயே சுழற்றி, கனமான சாமானை எதிர்ப்பக்கம் கொண்டுபோய்ப் பாருங்கள். முதலில் டெக், அப்புறம் ஆர்.ஏ. ஆர்.ஏ.வில் மட்டும் கிழக்குப் பக்கம் எது இருக்கிறதோ, டியூபோ வெயிட்டோ, அதை ஒரு துளி கனமாக விடுங்கள். மோட்டார் எப்போதும் தூக்கிக்கொண்டே இருக்கும், பல்சக்கரம் தளராது. கிளட்சைத் தளர்த்தும்போது ஒரு கை வாலில் இருக்கட்டும், கேமரா மாட்டியிருந்தால் இதில் விளையாட்டு வேண்டாம்.

மஞ்சக்குப்பம் மாடி:
எல்லோருக்கும் நன்றி. பூரிக்கட்டை சோதனை செய்தேன், அம்மா திட்டிக்கொண்டே டியூபைப் பிடித்துக்கொண்டார்கள். டேப் விழுந்த இடம் பின் ரிங்குக்கும் பின்னால் 4 செ.மீ., அப்படியென்றால் இந்தப் பட்டையோடு எவ்வளவு தள்ளினாலும் நின்றிருக்காது. லேத் பட்டறையில் 36 செ.மீ. அலுமினியப் பட்டை கடைந்து வாங்கினேன், கடல்காற்று என்பதால் திருகெல்லாம் ஸ்டெயின்லெஸ். நீட்டலைப் பின்பக்கம் விட்டு மாட்டினேன், கையை எடுத்தால் அப்படியே நிற்கிறது. ஈயம் தேவைப்படவில்லை. ஆனால் மூன்று நாளாக ஒரே மேகம்.

லாஸ்பேட்டை வானம்:
மூன்று நாளுக்கே அலுத்துக்கொண்டால் எப்படி? 1761-ல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைக் கப்பலில் மாட்டிக்கொண்டு கோட்டைவிட்ட பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டில், எட்டு வருஷம் காத்திருந்து 1769 ஜூன் 4 காலை நான் இருக்கிற இதே புதுச்சேரியில் மேகத்தைத்தான் பார்த்தார். மேகம் விலகினால் அதே 60 நொடி எடுத்துப் போடுங்கள். கோடு இன்னும் வந்தால் பாலன்ஸ் காரணமில்லை, போலார் அலைன்மென்ட்டை (ஆர்.ஏ. அச்சை வானத் துருவத்துக்கு நேராக்குவது) பார்ப்போம்.